உள்ளே பூட்டில்லாத கம்பெனி

அந்தக் காகிதம் வந்த நேரத்தில் சாந்தாமணி தன் நாற்காலியில் இல்லை. இருந்திருந்தால் வந்த வேகத்திலேயே அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். விதியைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை இன்டர்நெட்டின் வேகத்தில் இருந்தது. நைரோபி வியாபாரி கேட்டிருந்த பம்ப் வரைபடத்தை ஈமெயிலில் அனுப்பப் பதினொரு மணிக்கு இணைப்புப் போட்டாள். மோடம் கத்து கத்தென்று கத்தி ஓய்ந்தது. வரைபடம் போய்ச் சேர இன்னும் நாற்பது நிமிடம் ஆகும் என்று திரை சொன்னது. அதுவரை திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. வார்ப்புக் கொட்டகையில் காலையிலிருந்து மூன்று உருப்படிகள் விரிசலோடு வந்திருப்பதாகச் சொன்னார்கள். பார்த்துவிட்டு வரலாமென்று எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது, பில் போடும் வெங்கடலட்சுமி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"அக்கா, பிரிண்டர் தானா ஓடுச்சுங்க. இங்கிலீசுல ஒரு கடுதாசி. வெளிநாட்டு ஆர்டராட்ட இருக்குதுன்னு அய்யா தபால் பைல்ல வெச்சுப்போட்டேனுங்க."

பிரிண்டர் சாந்தாமணியின் கம்ப்யூட்டரோடு இணைந்தது. அதில் யாரும் எதையும் அடிக்கச் சொல்லவில்லை. அவள் என்ன ஏதென்று கேட்பதற்குள், ஆளில்லாமலே பிரிண்டர் மறுபடியும் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாள் வரி வரியாக மேலே ஏறி வந்தது. முதலில் வந்ததும் இதேதான் என்றாள் வெங்கடலட்சுமி. முடிந்ததும் சாந்தாமணி கிழித்தெடுத்துப் படித்தாள்.

நண்பரே, பயப்பட வேண்டாம் என்று எவனோ ஆரம்பித்திருந்தான். அப்படி ஆரம்பிக்கிற எந்தக் கடிதமும் நல்லதற்கில்லை. நான் திருடன் அல்ல, உங்கள் கம்ப்யூட்டர் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது, உள்ளே இருப்பதையெல்லாம் என்னால் பார்க்க முடிகிறது, எடுக்கவும் முடியும், அழிக்கவும் முடியும், தயவுசெய்து கதவைச் சாத்துங்கள் என்று எழுதியிருந்தான். நம்பிக்கை வராவிட்டால் பாருங்கள் என்று கீழே அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகளின் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தான். விலைப்பட்டியல். நைரோபி வரைபடம். அவள் மகள் நித்யஸ்ரீக்காகப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த விடுப்புக் கடிதம். பதினோராவது வரியில் 'பார்ட்டிஷன் லெட்டர்'.

சாந்தாமணி அதற்குமேல் படிக்கவில்லை. முதல் வேலையாகச் சுவரிலிருந்து டெலிபோன் ஒயரைப் பிடுங்கினாள். நைரோபி வரைபடம் பாதி வழியில் அறுந்தது. அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்.

போத்தனூரில் ரயில்வே லைனை ஒட்டி இருந்த அந்த மோட்டார் பம்ப் கம்பெனியை இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அண்ணனும் தம்பியும் ஒரே ஒரு லேத்தோடு ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பிதுரை. தம்பி சென்னியப்பன், சாந்தாமணியின் கணவர். சென்னியப்பன் நெஞ்சு வலியில் போய் நான்கு வருடம் ஆகிறது. கருமாதி முடிந்து ஒரு மாதத்தில் தம்பிதுரை அவளைக் கூப்பிட்டு, வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க வேண்டாம், கம்பெனிக்கு வந்து ஆபீஸைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவள் வந்தாள். நன்றாகவே பார்த்துக்கொண்டாள். மூன்று கம்ப்யூட்டர் வாங்க வைத்ததும், கேபிள் இழுத்து மூன்றையும் ஒன்றோடொன்று சேர்க்கச் சொன்னதும், இன்டர்நெட் வாங்கி ஆப்பிரிக்காவிலிருந்து ஆர்டர் பிடித்ததும் அவள்தான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தெருக் கேட்டைத் தவிர உள்ளே எதற்கும் பூட்டுக் கிடையாது. மேசைக்கு இல்லை, பீரோவுக்கு இல்லை, தம்பிதுரையின் அறைக்கே இல்லை. காரணம் பழசு. தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்து ஒரே உலையில் சாப்பிட்டவர்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் மோட்டார் ரூமில் சித்தப்பாவின் பூட்டுத் தொங்கியது. யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று சாயங்காலமே உலை இரண்டாகிவிட்டது. அப்போது தம்பிதுரைக்குப் பன்னிரண்டு வயது. பங்காளிகளுக்குள் பூட்டு விழுந்தால் பாகம் பிரிந்ததாக அர்த்தம் என்று அவர் மனதில் அன்றைக்கே ஏறிவிட்டது. கம்ப்யூட்டர்களைச் சேர்க்க வந்த முஜீப், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டுவிடட்டுமா என்று கேட்டபோது, நமக்குள்ளே பூட்டு எதற்கு தம்பி என்று அவர் சிரித்தபடியே மறுத்துவிட்டார். சாந்தாமணிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்படிப்பட்ட கம்பெனியில் உட்கார்ந்துதான், இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், வக்கீல் சுந்தரராஜுலுவுக்கு அந்தக் கடிதத்தை அவள் அடித்தாள். கம்பெனியில் தன் கணவருக்குள்ள பாதிப் பங்கைத் தன் பெயருக்கும் மகள் பெயருக்கும் தனியாகப் பிரித்துத் தர வேண்டும் என்ற கடிதம். இன்னும் அனுப்பவில்லை. எழுதி வைத்திருங்கள், நேரம் பார்த்துக் கொடுக்கலாம் என்று வக்கீல்தான் சொன்னார்.

தம்பிதுரை மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நல்லவர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவரிடம் பங்கு கேட்பது சுலபம். நான்கு வருடமாகத் தன் மகள் புவனாவுக்கு என்ன வாங்கினாலும் நித்யஸ்ரீக்கும் ஒன்று சேர்த்து வாங்குகிறவரிடம் எந்த வாயால் கேட்பது? ஆனால் வைகாசியில் புவனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மதன்குமார் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு வரப்போகிறான். தம்பிதுரை மாமா இருக்கும்வரை வாய்வார்த்தை போதும். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவன் யாரோ எவனோ. பதினைந்து வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு அவனுடைய நல்ல குணத்தை நம்பிக் காலம் தள்ள முடியுமா என்ற பயம் சாந்தாமணியைப் பிடித்து ஆறு மாதம் ஆகிறது. கல்யாணம் முடியட்டும், பிறகு தன் வாயால் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அதற்கு முன்னால் இது வெளியே தெரிந்தால், வருகிற மாப்பிள்ளையை நம்பாமல் சித்தி பாகம் கேட்கிறாள் என்றுதான் ஊர் பேசும். சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்கள். சோறு போட்டவர் நெஞ்சில் குத்தினாள் என்ற பெயர் அவளுக்கு நிற்கும்.

இப்போது அந்தக் கடிதத்தின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகி, தம்பிதுரையின் தபால் பைலில் உட்கார்ந்திருக்கிறது.

அவர் கம்பெனியில் இல்லை. அவரும் அவர் மனைவி பழனியாத்தாளும் மதுக்கரைச் சொந்தக்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள். ஒன்றரை மணிக்கு வந்து, தபாலைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம். சாந்தாமணி டெலிபோன் ஒயரைப் போனில் மாட்டி, கோட்டைமேட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் முஜீப்பைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். நாம்தானே போன் போட்டு வெளியே போகிறோம், அவன் எப்படி உள்ளே வந்தான் என்று கேட்டாள். அவளுக்கு இன்டர்நெட் என்பது டெலிபோன் மாதிரி. நாம் கூப்பிட்டால் பேசலாம், வைத்தால் தீர்ந்தது.

 தப்பு தன்மேல்தான் என்றான் முஜீப்.

"மூணு கம்ப்யூட்டரும் ஒண்ணையொண்ணு பாக்கறதுக்காக உள்ளார ஒரு கதவத் தெறந்து வெச்சோமுங்கக்கா. அப்பறம் நீங்க மோடம் மாட்டுனீங்க. அதே கதவு போன் லைன் பக்கமும் தெறந்துக்கிச்சு. அதுக்கு ஊட்டாளு, வெளியாளுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாதுங்க. யாரு வந்து கேட்டாலும் காட்டும்."

ஒவ்வொரு முறை இணைப்புப் போடும்போதும் நமக்கென்று ஓர் எண் கொடுப்பார்கள், அந்த எண்களை வரிசையாக ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போவதற்கென்று உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், தட்டின இடத்தில் கதவு திறந்திருந்தால் நுழைந்துவிடுவார்கள் என்றான். எத்தனை நாளாகத் திறந்து கிடக்கிறது என்று கேட்டாள். மோடம் வாங்கிய நாளிலிருந்து என்றான். அது ஏழு மாதம். கடிதம் அடித்து இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் தினம் ஒருமுறையாவது அவள் இணைப்புப் போட்டிருக்கிறாள்.

வந்தவன் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டாள். மனதில் மதன்குமார்தான் நின்றான். நிச்சயதார்த்தத்தன்று அவன் அவளிடம் மோடத்தைப் பற்றி விசாரித்தது ஞாபகம் வந்தது. மரியாதைக்குக் கேட்கிறான் என்று அன்றைக்கு நினைத்தாள். இன்றைக்கு அதே கேள்வி வேறு மாதிரி தெரிந்தது.

"சொல்ல முடியாதுங்கக்கா. ரஷ்யாவாவும் இருக்கலாம், இங்க நம்மூரு ரேஸ்கோர்ஸாவும் இருக்கலாமுங்க."

இரண்டு மணிக்கு நேரில் வருவதாகவும், அதற்குள் அவசரமென்றால் அவளுடைய கம்ப்யூட்டருக்கு அவளே ஒரு பாஸ்வேர்டு போட்டுவிடலாம் என்றும் சொல்லி, எப்படி என்று வழியும் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டு, அவன் சொன்னபடியே ஒவ்வொன்றாகத் திறந்து, பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வரைக்கும் போனாள். அங்கே கை நின்றுவிட்டது.

தம்பிதுரையின் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் அவர் சீட்டாட்டம் ஆடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஆனாலும் அதன் திரையில் அவள் பெயரில் ஒரு பெட்டிப் படம் தெரியும், அதைத் திறந்தால் அவளுடைய கம்ப்யூட்டருக்குள் போகலாம். என்றைக்காவது தவறிப்போய் அதன்மேல் அவர் கை பட்டு, பாஸ்வேர்டு என்று அது கேட்டால்? இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கம்பெனிக்குள் விழுகிற முதல் பூட்டு அவளுடையதாக இருக்கும். கடிதத்தில் இருப்பதைப் பூட்டே சொல்லிவிடும். பூட்டாவிட்டால் ஊருலகம் படிக்கிறது, பூட்டினால் படிக்காமலே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் கட்டத்தை அப்படியே மூடினாள்.

முதலில் அந்தக் காகிதத்தை எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

வெங்கடலட்சுமியைக் கொட்டகைக்குப் போய் எடைச்சீட்டு வாங்கிவரச் சொன்னாள். அவள் போனதும் தம்பிதுரையின் அறை வாசலுக்குப் போய் நின்றாள். கதவு ஒருக்களித்திருந்தது. நான்கு வருடத்தில் அவர் இல்லாதபோது அந்த அறைக்குள் அவள் போனதில்லை. அவளென்ன, தபால் வைக்க நுழையும் வெங்கடலட்சுமியைத் தவிர யாருமே போனதில்லை. கூட்டுகிற அம்மாள்கூட அவர் இருக்கும்போதுதான் போவாள். போகக்கூடாது என்று சொன்னவர்களும் கிடையாது. யாருக்கும் போகத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

உள்ளே போனாள். மேசையில், மூலைகளில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள். அவற்றுக்குப் பக்கத்தில் தபால் பைல்.  பைலைத் திறந்தாள். மேலே மின்வாரியக் கடிதம். அடியில் ஒரு டீலரின் கடிதம். அதற்கடியில் யாரோ சொந்தக்காரர் கைப்பட எழுதியது, உதவி கேட்டு. பார்க்கக்கூடாது என்று நினைத்தும் கண் இரண்டு வரி படித்துவிட்டது. அதற்கும் அடியில்தான் வெங்கடலட்சுமி பத்திரமாக வைத்த அந்தத் தாள். உருவி எடுத்து நான்காக மடித்தாள்.

வெளியே யாரோ கனைத்தார்கள்.

தம்பி பெண்டாட்டி இருக்கும் இடத்துக்கு மூத்தார் திடுதிப்பென்று வருவதில்லை. ஆபீஸ் ஹாலுக்குள் நுழையும்போதும் தம்பிதுரை ஒருமுறை கனைத்துவிட்டுத்தான் வருவார். அந்தக் கனைப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இது ஹால் வாசலிலிருந்து வரவில்லை. இந்த அறைக்கு இரண்டடி தள்ளி வந்தது. அவர் ஒருக்களித்த கதவு வழியாக அவளைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, தன் சொந்த அறைக்குள் நுழையாமல் வெளியே நின்று கனைக்கிறார். கொஞ்சம் விட்டு இன்னொரு முறையும் கனைத்தார். உள்ளே வரவில்லை.

பைலை மூடி வைத்துவிட்டுக் கையில் இருப்பதை மறைத்துக்கொண்டு வெளியே வருவதற்கு அவளுக்கு நேரம் கொடுக்கிறார் என்று புரிந்தபோது சாந்தாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. மடித்த தாளை இடுப்பில் செருகி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தம்பிதுரை சுவரில் மாட்டியிருந்த உற்பத்திக் கணக்குப் பலகையை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"மதுக்கரைல ஊட்டுல ஆளில்லீங் அம்மணி. அதான் வெரசா திரும்பிட்டோம்" என்றார்.

ஏதோ அவர் சீக்கிரம் வந்ததுதான் தப்பு என்பது போல் இருந்தது அந்தப் பேச்சு.  அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். என்ன தேடினாய் என்று அவர் கேட்டிருந்தால்கூட ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி நிம்மதியாக இருந்திருப்பாள். அவர் கேட்கவில்லை. சாப்பிடப் போகும்போதும் கேட்கவில்லை. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தயிர்ச்சோற்றை டப்பாவோடு மூடி வைத்தாள்.

இரண்டு மணிக்கு முஜீப் வந்தான். அவளுடைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எதையெதையோ திறந்து பார்த்தான். உள்ளே மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்ப்பதை அப்படியே விட்டுவிட்டு, போன் லைன் பக்கத்துக் கதவை மட்டும் சாத்த ஒரு வழி இருக்கிறது என்றான். திரையில் ஒரு கட்டத்தில் இருக்கும் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டால் போதுமாம். பாஸ்வேர்டே வேண்டாமாம். சொன்ன கையோடு எடுத்தும் விட்டான். சாந்தாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இது காலையிலேயே தெரிந்திருந்தால் அந்த அறைக்குள் போயிருக்கவே வேண்டாமே என்று நினைத்தாள். உடனே, காகிதம் அங்கேதானே இருந்தது, எப்படியும் போயிருப்பேன் என்றும் நினைத்தாள். தன்னைப் பற்றி அப்படித் தெரிந்துகொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வாசலில் கனைப்புச் சத்தம். தம்பிதுரை வந்தார். என்ன ரிப்பேர் என்று முஜீப்பிடம் கேட்டார். சாந்தாமணி கண்ணைக் காட்டினாள். முஜீப் நல்ல பையன், கண்ணைக் காட்டினால் புரிந்துகொள்கிற ரகம் இல்லை. தப்பை ஒப்புக்கொள்ளும் உற்சாகத்தில், கதவு திறந்து கிடந்ததிலிருந்து முகம் தெரியாத எவனோ பிரிண்டரில் அச்சடித்து எச்சரித்தது வரை ஒன்று விடாமல் சொன்னான். தம்பிதுரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

வெளியே இருக்கிறவன் உள்ளே இருப்பதையெல்லாம் படித்திருப்பானா என்று கேட்டார். படித்தானோ இல்லையோ, பட்டியலே போட்டு அனுப்பியிருக்கிறான் என்றான் முஜீப். அந்தப் பட்டியல் எங்கே என்றார் அவர்.

சாந்தாமணி வாயைத் திறக்குமுன் வெங்கடலட்சுமி முந்திக்கொண்டாள். "உங்க தபால் பைல்லதானுங்கய்யா வெச்சேன்."

 தபால் பைலைத் தம்பிதுரை சாப்பிடப் போகுமுன்பே பார்த்துவிட்டார். அதில் அந்தக் காகிதம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த அறைக்குள்ளிருந்து வெளியே வந்தது யார் என்பதும் தெரியும். அவர் சாந்தாமணியைப் பார்க்கவில்லை.

"ஆமாங், அதுலதான் இருக்கும். நாம் பொறகு பாத்துக்கறேன்" என்றார்.

அந்தப் பொய்தான் அவளை உடைத்தது. பம்ப் வாங்க வருகிறவனிடம் தண்ணீர் இறைக்கும் உயரத்தில் அரை அடி கூட்டிச் சொல்லாத மனிதர். அவளுக்காக நான்கு பேர் முன்னால் வாய் கூசாமல் பொய் சொல்கிறார். இருபத்தைந்து வருடம் அந்தக் கம்பெனி பூட்டு இல்லாமல் ஓடியது எதனால் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்தவர் மேசைப் பக்கம் யாரும் கை நீட்டாததால் ஓடியது. இன்றைக்குக் கை நீட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஊர் பேர் தெரியாதவன். அவனாவது வந்தேன், பார்த்தேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனான்.

சாந்தாமணி எழுந்து நின்றாள். இடுப்பிலிருந்த தாளை எடுத்தாள். வியர்வையில் அது நனைந்திருந்தது.

"அது அங்க இல்லீங்க மாமா. நாந்தான் எடுத்துட்டேனுங்க."

அவர் வாங்கிப் பிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தார். ஒரு வரியில் கண் நின்றது. தாளை மேசையில் வைத்தார்.

"அம்மணி பேருல ஒரு பொட்டி என்ற கம்ப்யூட்டர்லயும் தெரியுமுங். சீட்டாடறப்ப தெனமும் பாப்பேன். புவனா தெறக்கற வழியும் காட்டிக் குடுத்துச்சு. நாந் தொட்டதில்லீங்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளும் எதையாவது சொல்லித் தாங்கியிருப்பாள். அதற்குமேல் மறைக்க அவளிடம் தெம்பும் இல்லை, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. தன் கம்ப்யூட்டரில் அந்த வக்கீல் கடிதத்தை எடுத்து அச்சுக்கு அனுப்பினாள். ஒன்றரைப் பக்கம். பிரிண்டர் அதை அடித்து முடிக்கும்வரை நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்கடலட்சுமிகூட ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். முஜீப்பும் எழப் பார்த்தான். தம்பிதுரை கையமர்த்தினார்.

கடிதத்தை இரண்டு முறை படித்தார். படிக்கும்போது அவர் உதடு லேசாக அசைந்தது. சென்னியப்பன் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தொடர்ந்தார். சாந்தாமணி மாப்பிள்ளையைப் பற்றியும் நித்யஸ்ரீயைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணம் முடிந்ததும் நேரில் சொல்வதாகத்தான் இருந்தேன் என்றாள். பாதியில் அழுகை வந்து பேச்சு நின்றுவிட்டது.

"கேக்கறது நாயமான பங்குதானுங். நானே எழுதிக் குடுத்திருக்கோணும், எனக்குத் தோணுலீங்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வக்கீலுக்கு எழுதறதுக்கு முந்தி என்னிய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங் அம்மணி" என்றார்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே சுந்தரராஜுலுவை வரச் சொல்லி முடித்துவிடலாம் என்றார். புவனாவிடமோ பழனியாத்தாளிடமோ இப்போது சொல்ல வேண்டாம் என்றார். கடிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். எல்லாம் அவள் கேட்டபடியே நடந்துவிட்டது. கேட்பதற்கு ஆறு மாதம் பயந்த விஷயம் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் நெஞ்சில் இருந்த கல் இறங்கவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

தம்பிதுரை முஜீப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அம்மணி கம்ப்யூட்டருக்கு ஒரு பூட்டுப் போட்டுக் குடுத்துருங்."

 வேண்டாமுங்க மாமா என்றாள் சாந்தாமணி. முஜீப்புக்கு அந்தத் தொண்டாமுத்தூர்ப் பூட்டுக் கதை எதுவும் தெரியாது. வெளிப்பக்கத்தைத்தான் சாத்தியாயிற்றே, இனி எவனும் வர முடியாது, உள்ளே இருக்கிறவர்களுக்குப் பூட்டுத் தேவையில்லை என்று விளக்க ஆரம்பித்தான். தம்பிதுரை பொறுமையாக முழுவதும் கேட்டார்.

"தெரியுதுங். இருந்தாலும் போட்டுருங்" என்றார்.

முஜீப் காலையில் அவள் மூடிவிட்டுப் போன அதே கட்டத்தைத் திறந்தான். கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தி, பாஸ்வேர்டை இரண்டு முறை அடிக்க வேண்டும், வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்றான். சாந்தாமணி விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தாள். தம்பிதுரை உடனே எழுந்தார். ஜன்னல் பக்கம் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரையில் வெறும் நட்சத்திரம்தான் விழும் ஐயா, பார்த்தாலும் என்னவென்று தெரியாது என்றான் முஜீப். அவர் திரும்பவில்லை.

"அடிச்சு முடிஞ்சதும் சொல்லுங் அம்மணி, திரும்பிக்கறேன்" என்றார்.

முதல் எழுத்தைக்கூட அவள் இன்னும் அடித்திருக்கவில்லை.